பூங்கா தெருவைவிடத் தாழ்ந்திருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்னையின் தெருமுனைப் பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி நிறுத்துவது பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. பூங்காப் பணியில் 31 வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்குக் கைப்பட்டதைச் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் பகுதியில் 8 கிரவுண்டில் ஒரு பூங்கா. ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும் பூங்காவுக்குள் செருப்பு நனையாமல் நடக்கலாம். இப்போது சீரமைக்கப் போகிறார்கள். முதலில் எதைச் செய்யச் சொல்வது?
– வாசகி, பழவந்தாங்கல்

முதலில் ஒரு கொத்தனாரை டியூப் லெவலோடு, அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயோடு, வரச்சொல்லுங்கள், அம்மா. செடி, பெஞ்சு, விளக்கு எல்லாம் பிறகு. தெருவின் மட்டம் எது, பூங்காவின் மட்டம் எது என்று நான்கு மூலையிலும் பார்த்துச் சுவரில் கோடு போட வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பூங்கா ஒரு அடியாவது உயர்ந்திருக்கும். சீரமைப்பு என்றாலே சவுடு மண் அடித்து மேடாக்குவது என்றுதான் நாங்களும் பழகியிருந்தோம். 1990களில் ஒரு பூங்காவுக்கு 40 லோடு சவுடு அடித்தோம். அடுத்த மழையில் எதிர்வீட்டு அம்மா வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் அது. இன்றைக்கும் அந்தப் படியை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 8 கிரவுண்டு என்பது 19,200 சதுர அடி, ஏறக்குறைய 1,780 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் பூங்காவின் தலையில் மட்டும் 1,78,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட 15. அத்தனையும் இப்போது தெருவுக்கு ஓடுகிறது. மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒரு அடி தாழ்த்தினால் போதும், ஏறக்குறைய அவ்வளவு தண்ணீரும் உள்ளேயே நிற்கும். கிணறு மாதிரித் தோண்ட வேண்டாம். குழந்தை ஓடி இறங்கி ஓடி ஏறும்படி, தாம்பாளம் போலச் சரிவாக இருக்கட்டும். வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போட்டு நடைபாதையை அதன்மேல் கொண்டுபோங்கள், மழைக்காலத்திலும் நடக்கலாம். நிரம்பினால் மிச்சம் மழைநீர் வடிகாலுக்குப் போக ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

தெருத் தண்ணீரையும் உள்ளே விட ஆசை வரும். சுவரில் திறப்பு வைத்து, அதன் வாயில் வண்டலும் குப்பையும் தங்க ஒரு தொட்டி கட்டினால் விடலாம். ஆனால் உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி பொங்குகிற வழக்கம் இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை திறப்பை அடைத்தே வையுங்கள்.

மழைநீரைத் தேக்கும் சிற்றேரிக்குத்தான் தாங்கல் என்று பெயர். உங்கள் ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது.

எங்கள் பக்கம் முழுக்கக் களிமண். பள்ளம் வெட்டினால் தண்ணீர் ஊறுமா, சேறாகவே கிடக்குமா?
– வாசகர், விருகம்பாக்கம்

சரியான பயம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணலில் தண்ணீர் விழுந்ததும் இறங்கிவிடும். விருகம்பாக்கம், அண்ணா நகர், பெரம்பூர் களிமண் பூமி. வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கீழே பாறை. அதனால் ஒரு ஊர்ப் பூங்காவின் படத்தை வாங்கி இன்னொரு ஊரில் போடக்கூடாது.

ஒரு அடி சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று கோடு போடுங்கள். மூலைக்கு ஒரு குழி. இரண்டாம் முறையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் அசையாமல் நின்றால், அகலத்தைக் கூட்டி ஆழத்தைக் குறையுங்கள். களிமண்ணுக்குக் கீழே மணல் படுகை எட்டும் ஆழத்தில் இருந்தால், சிமெண்ட் உறை இறக்கி மழைநீர்க் கிணறு போடலாம். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவரைக் கேட்டால் எத்தனை அடியில் மணல் வந்தது என்று சொல்வார். மேல்மண்ணில் இலைமக்கு நிறையச் சேருங்கள். வெட்டிவேரும் கோரையும் வைத்தால் வேர் இறங்கி மண்ணைத் திறந்துகொடுக்கும்.

தண்ணீர் நின்றால் டெங்கு வராதா?
– வாசகி, அம்பத்தூர்

டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மூன்று நாளில் வடிகிற பள்ளத்தில் அதற்கு நேரமில்லை. வடியாவிட்டால் பள்ளம் தவறாக வெட்டப்பட்டிருக்கிறது, திருத்த வேண்டும். அதைவிட, பூங்கா ஓரத்தில் கிடக்கும் கொட்டாங்குச்சியையும் டயரையும் அப்புறப்படுத்துங்கள்.

பள்ளம் என்றால் பிள்ளைகள் விளையாடும் இடம் போய்விடுமே?
– வாசகர், கொளத்தூர்

போகவேண்டியதில்லை, தம்பி. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013ல் பெந்தெம்பிளைன் என்ற சதுக்கத்தை இப்படித்தான் மாற்றினார்கள். விளையாட்டுத் திடலையே படிக்கட்டுகளோடு கீழே இறக்கிவிட்டார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், மற்றவர்கள் படியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெருமழைக்கு அது குளம். மொத்தம் மூன்று தொட்டிகளில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும். நம் கோயில் குளத்துப் படிக்கட்டு தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. நம்மிடம் வருடத்தில் மழை கொட்டுவது சில மாதம்தான். மற்ற நாளெல்லாம் அது திடல்.

வர்தா புயலில் எங்கள் பூங்காவின் நிழல் மரங்கள் எல்லாம் விழுந்தன. மறுபடி வைத்த கன்றுகள் வளரவே இல்லை. கோடையில் உள்ளே கால் வைக்க முடியவில்லை.
– வாசகி, அடையாறு

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா அடித்த மறுநாள் நானும் தெருத்தெருவாகப் போனேன். வேரோடு சாய்ந்திருந்த பெருங்கொன்றைகளின் அடியைப் பார்த்தால் பல மரங்களுக்கு வேர் ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கம் கான்கிரீட், அல்லது கேபிளுக்காக வெட்டிய பள்ளம். காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உங்கள் கன்றுகளைச் சுற்றி பேவர் பிளாக் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பாருங்கள். அடிமரத்திலிருந்து நான்கடிக்காவது மண் திறந்திருக்க வேண்டும். அந்தக் கற்களைப் பெயர்த்தால் இரண்டு லாபம்: வேருக்குத் தண்ணீர், உங்கள் காலுக்குக் குளிர்ச்சி. சென்னையில் 2003 மே 31ஆம் தேதி வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படி ஒரு பகலில் கல் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். மர நிழலில் இருக்கும் ஈர மண் அப்படிச் செய்யாது.

பள்ளத்தின் ஓரத்துக்கு நீர்மருது, புங்கன், நாவல் வையுங்கள். கொஞ்ச நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். மேட்டுக்கு வேம்பும் மகிழமும். உப்புக் காற்று அடிக்கிற பக்கம் புன்னை, பூவரசு. கொரியன் புல்லை மட்டும் விட்டுவிடுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் புல்லைக் காப்பாற்றும் பூங்காவில் பக்கத்து மரம் தாகத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2015 மாதிரி வெள்ளம் வந்தால் இந்தச் சின்னப் பூங்காக்கள் என்ன செய்துவிடும்?
– வாசகர், தாம்பரம்

அந்த வெள்ளத்தை எந்தத் தெருமுனைப் பூங்காவும் தடுத்திருக்காது. அந்த டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் உங்கள் ஊரில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் சதுப்பு நிலமும் வேண்டும். பூங்காவைக் காட்டி ஏரியை எடுத்துக்கொள்ள யாரையும் விடாதீர்கள்.

ஆனால் வருடா வருடம் வருகிற ஐந்து, எட்டு, பத்து சென்டிமீட்டர் மழைகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் நாம் கடலுக்கு அனுப்பிவிட்டு சித்திரையில் குடத்தோடு நிற்கிறோம். 2019 கோடையில் நின்றோமே. சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளாக ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ என்ற பெயரில் பூங்காக்களுக்குள் குளம் வெட்டி வருகிறது. உங்கள் வார்டில் கேட்டு வாங்குங்கள். வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும். முதல் மழை அன்று பள்ளத்தின் நடுவில் அளவுக்கோடு போட்ட ஒரு மூங்கில் கழியை நட்டுவையுங்கள். எவ்வளவு ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது என்று எனக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.