காசியில் இரண்டு இரவு: முட்டிவலி உள்ள அம்மாவை எங்கே தங்கவைப்பது?

அம்மாவுக்கு முட்டிவலி, கங்கையைப் பார்த்த அறையா, ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். அஸ்ஸி படித்துறைப் பக்கம் தேடுங்கள்.

தசாஸ்வமேதம், மணிகர்ணிகா படித்துறைகளின் பக்கத்துச் சந்துகளில் கார் நுழையாது. என் அம்மாவை அப்படி ஒரு சந்துக்குள் நடத்திக் கூட்டிப்போனேன். ஈரம் படிந்த கல்தரை, எதிரே மாடு, பின்னால் ஹாரன் அடிக்கும் பைக். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். விடுதிக்குள் போனால் செங்குத்துப் படிகள் வேறு! இன்னும் மனது கேட்கவில்லை. கங்கை தெரியும் அறை பெரும்பாலும் மேல்மாடியில்தான் இருக்கும். லிஃப்ட் உண்டா என்று போனில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஸ்டேஷனை ஒட்டிய கன்டோன்மென்ட் வசதியான இடம்தான். ஆனால் விடியலில் ஆற்றைப் பார்க்கத் தினமும் ஆட்டோ பிடிக்க வேண்டும். அஸ்ஸியில் ஆட்டோ படித்துறைக்கு அருகிலேயே வந்துவிடும். விடியற்கால ஆரத்தி அங்கேயே நடக்கிறது; அம்மா நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம். மாலையில் தசாஸ்வமேத ஆரத்திக்குப் படகிலேயே போய்விடுங்கள், கூட்டத்தில் இடிபட வேண்டாம். அஸ்ஸிக்கு வடக்கே சற்றுத் தள்ளி அனுமன் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள், இட்லி கிடைக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளம் ஏறினால் படித்துறைகள் மூழ்கிவிடும், படகையும் நிறுத்திவிடுவார்கள்.