கோல்ஃப் கோர்ஸ் ஓரத்துல வில்லா: 40 லட்சம் கூடுதலா குடுக்கலாமா?

கேள்வி: சார், நான் தக்கலை பக்கம், ரிட்டயர்டு ஹெச்எம், வயசு 63. குலசேகரத்துல இருந்த ரப்பர் விளைய வித்த காசு பேங்க்ல கெடக்கு. மகளும் மருமகனும் பெங்களூர்ல ஐடி வேலை. தேவனஹள்ளி பக்கம் கோல்ஃப் கோர்ஸோட வர்ற ஒரு லேஅவுட்ல வில்லா பாத்து வச்சிருக்காங்க. கோர்ஸ ஒட்டுன முதல் வரிசைன்னா ரெண்டாவது வரிசைய விட 40 லட்சம் கூடுதல், அத நான் குடுத்தா மீதிக்கு லோன் போட்டுக்கிடுவாங்களாம். அங்க பந்து பறந்து வந்து கண்ணாடி உடையும், ஆள் மேலயும் படும்னு என் மச்சினன் பயங்காட்டுறான். உண்மையா? இன்சூரன்ஸ் போட்டா சரியாயிடுமா? பேரப்பிள்ளை வேற முத்தத்துல விளையாடும்.

பதில்: மச்சினன் சொன்னதுல தப்பில்ல சார். கோல்ஃப் பந்து பாக்க எலுமிச்சம்பழம் சைஸ்தான், ரூல்படி எடை 45.93 கிராமுக்கு மேல போகக்கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்கு கொறையக்கூடாது, ஆனா சும்மா ஞாயித்துக்கிழமை ஆடுற ஆளு தூரமா அடிக்கிற டிரைவர்ங்கற நீள மட்டையால ஓங்கி ஒண்ணு விட்டாலே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் வேகத்துல கெளம்பும், போற வழியில வேகம் கொறஞ்சாலும் ஜன்னல் கண்ணாடிக்கும் சின்னப்பிள்ளை தலைக்கும் அது போதும். அதுக்காக கோர்ஸ் ஓரத்து வீடே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே வரிசையில ஒரு வீட்டுக்கு வருஷத்துல ஒண்ணு ரெண்டு பந்து வரும், நாலு வீடு தள்ளி இருக்கவருக்கு வாரத்துக்கு பத்து வரும். பில்டர் ரெண்டுக்கும் ஒரே 40 லட்சம்தான் கேப்பாரு. எனக்கு அங்கதான் இடிக்குது.

ஆடுறவங்கள்ல முக்காவாசிக்கு மேல வலதுகைக்காரங்க, அதுல கத்துக்குட்டிங்க அடிக்கிற பந்து நேரா போகாம வலது பக்கமா வளைஞ்சு ஓடும், அத ஸ்லைஸ்னு சொல்லுவாங்க. அதனால பந்த வச்சு முதல் அடி அடிக்கிற எடம் இருக்குல்லா, டீ, அங்க நின்னு பாத்தா வலது பக்கத்துல சுமார் 150 மீட்டர்லேந்து 220 மீட்டர் வரைக்கும் வர்ற வீடுகதான் அடி வாங்குற வீடுக. கோர்ஸ் பாதை மடங்கி திரும்புற எடத்துல உள்மூலையில இருக்க வீடும் அப்படித்தான், சுத்திப்போக சோம்பல்பட்டு குறுக்க அடிக்கிறவன் பந்து நேரா அங்கதான் எறங்கும். டீக்கு பின்னால இருக்க வீட்டுக்கு பயம் ரொம்ப கம்மி. குழி இருக்க கிரீன் பக்கத்து வீட்டுக்கு பந்து வரும், ஆனா பெரும்பாலும் கிட்டத்துலேந்து மெதுவா அடிச்சது. இதெல்லாம் ப்ரோஷர்ல போட மாட்டாங்க, கோர்ஸோட மேப்பையும் லேஅவுட் ஷீட்டையும் சேத்து வச்சு பாத்தாதான் புரியும்.

மருமகன்ட்ட சொல்லி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கெல்லாம் அங்க போய் நிக்கச் சொல்லுங்க, சேல்ஸ் ஆளு கூட்டிட்டு போற செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேண்டாம், அப்ப ஆடுறதுக்கே ஆள் இருக்காது. ஏற்கனவே குடியிருக்க வீடுகளோட பின்பக்கத்த நிதானமா பாக்கணும். ஏசி அவுட்டோர் யூனிட் தகரத்துல வட்டவட்டமா குழி இருக்கா, கோர்ஸ் பாத்த ஜன்னல்ல மட்டும் கம்பிவலை அடிச்சிருக்காங்களா, கூரை ஓட்டுல நாலஞ்சு மட்டும் புதுசா செவப்பா தெரியுதா, செடிக்கடியில வெள்ளையா பந்து கெடக்கா. தோட்டவேலை செய்றவர்ட்ட ஒரு டீ வாங்கிக்குடுத்து எந்த வீட்டுலேந்து நெறைய பந்து பொறுக்குறீங்கன்னு கேட்டா போதும், அவரு சொல்ற வீட்டு நம்பர் எந்த இன்ஜினியர் ரிப்போர்ட்டையும் விட நம்பலாம்.

வல கட்டிக்கிடலாமேன்னு பில்டர் சொல்லுவாரு. பந்த தடுக்கணும்னா அந்த வல தென்னை ஒசரத்துக்கு நிக்கணும், அசோசியேஷன் பெர்மிஷன் வேணும், செலவு யார் தலையிலன்னு தெரியாது, வியூவுக்கு 40 லட்சம் குடுத்துட்டு அந்த வியூவ நாமளே வல போட்டு மறைக்கிறதுக்கு பேரு என்ன சார்? கண்ணாடிய வேணா லேமினேட்டட்ல போட்டுக்கிடலாம், விரிசல் விட்டாலும் சில்லு தெறிக்காது.

அடுத்து இன்சூரன்ஸ். 2021 ஏப்ரல்லேந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் பாரத் கிரிஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி குடுக்கணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ வச்சிருக்கு. அதுல வெளிப்பொருள் எதுவும் வந்து மோதி வர்ற சேதத்துக்கும் கவர் உண்டு, கோல்ஃப் பந்தும் அதுல அடங்கும். வீட்டுக்கான தொகைய விக்கிற வெலைக்கு போடாம கட்டுற செலவுக்கு போடணும், சாமான்களுக்கு அந்த தொகையில 20 சதவீதம், கூடினது 10 லட்சம் வரைக்கும் தானா வரும், சோலார் பேனல் இருந்தா ப்ரொபோசல்ல தெளிவா எழுதச் சொல்லுங்க. காருக்கு கம்ப்ரிஹென்சிவ் இருந்தா கண்ணாடி உடைஞ்சதுக்கு கிளெய்ம் கெடைக்கும், ஆனா சின்னச்சின்னதுக்கெல்லாம் கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் போயிடும், அது 50 சதவீதம் வரைக்கும் ஏறுற சமாச்சாரம், கண்ணாடி வெலையையும் போனஸையும் கணக்கு பாத்துட்டு போடுங்க. பிள்ளைக்கு அடிபட்டா வீட்டு பாலிசியில ஆஸ்பத்திரி செலவு வராது, அது மெடிக்கல் பாலிசி கணக்கு. ஆக, உடைஞ்ச கண்ணாடிக்கு காசு வரும், பேரப்பிள்ளைய சாயங்காலம் முத்தத்துல விட பயமா இருக்குங்கறதுக்கு எந்த கம்பெனியும் காசு தராது.

கேஸ் போடலாமான்னா, நம்ம ஊர்ல பக்கத்து விளைக்காரர் தென்னை நம்ம ஓட்டு மேல சாஞ்சு நின்னா மரமும் கண்ணு முன்னாடி நிக்குது ஆளும் நிக்காரு, நோட்டீஸ் விடலாம். இங்க அடிச்சவன் நாலு பேரோட வண்டியில ஏறி அடுத்த குழிக்கு போயிருப்பான், பந்துல பேரா எழுதியிருக்கு. அதனால கோர்ஸ நடத்துற கிளப் மேலதான் போடணும். இங்கிலாந்துல 1922லயே டாக்சி டிரைவர் ஒருத்தருக்கு கோல்ஃப் பந்து பட்டு கண்ணு போய், ரோட்டுக்கு அடிக்கடி பந்து வருதுன்னு தெரிஞ்சும் டீய அங்கயே வச்சிருந்த கிளப்தான் பொறுப்புன்னு தீர்ப்பாச்சு. ஆனா அது பொது ரோடு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஒரு குடும்பம் 2017ல ஏழரை லட்சம் டாலருக்கு கோர்ஸ் ஓரத்துல வீடு வாங்கி, நூத்துக்கணக்குல பந்து வந்து விழுந்து, கேஸ் போட்டு, ஜூரி 35 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லி வட்டியோட 49 லட்சம் ஆச்சு. 2022 டிசம்பர்ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, அந்த வீட்டுப் பத்திரத்துல கோல்ஃப் ஆட்டத்துக்கு குடுத்திருந்த உரிமைய ஜூரிக்கு சரியா வெளக்கலன்னு. நடுவுல கிளப் டீ எடத்த மாத்தினதும் பந்து வர்றது நின்னுச்சு, அத முதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு பாடு வேண்டாம்.

அங்க பத்திரத்துல இருந்த அந்த மாதிரி வரி இங்கயும் அக்ரிமென்ட்ல எங்கயாவது பின்பக்கத்துல இருக்கலாம், பந்து வர்றது எனக்கு தெரியும், சேதத்துக்கு கிளப் மேலயோ பில்டர் மேலயோ கேக்க மாட்டேன்னு. அத படிக்காம கையெழுத்து போடாண்டாம். கோர்ஸ் நெலம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன்ல அதே ப்ராஜெக்ட்ல சேந்திருக்கா, இல்ல தனி கிளப் பேர்ல இருக்கான்னும் வக்கீல் பாக்கணும். உள்ள இருந்தா, பொது எடத்த மாத்த மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதம் வேணும். வெளிய இருந்தா நாளைக்கு அங்க வேற எது வந்தாலும் நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, அப்ப எந்த வியூவுக்கு 40 லட்சம்?

இனி உங்க காசு. உங்களுக்கு 63 வயசு சார். சீனியர் சிட்டிசன் சேமிப்பு திட்டத்துல இதுவரைக்கும் போடலன்னா 30 லட்சம் வரைக்கும் போடலாம், 8.2 சதவீதத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா 61,500 ரூபா கைக்கு வரும், வரி உண்டு, ஆனாலும் பென்ஷனோட சேந்தா யார்ட்டயும் கை நீட்டாண்டாம். ரெண்டாவது வரிசையிலயும் அதே கேட், அதே கிளப் ஹவுஸ், அதே ஸ்கூல் பஸ், நடந்து போனா ரெண்டு நிமிஷத்துல அதே புல்லு. முதல் வரிசைதான் வேணும்னு பிள்ளைங்க சொன்னா அந்த 40 லட்சத்தையும் அவங்க லோன்லயே சேக்கச் சொல்லுங்க, 8.5 சதவீதம் 20 வருஷம்னா மாசம் 34,700 ரூபா கிட்ட இஎம்ஐ கூடும். அந்த நம்பர கேட்டப்பறமும் வேணும்னாங்கன்னா அவங்க ஆசை, அவங்க சம்பாத்தியம். நீங்க குடுத்தே ஆகணும்னா பத்து லட்சம் குடுங்க, அப்பா மகளுக்கு குடுக்கறதுக்கு மகளுக்கு வரி கெடையாது, பேங்க் வழியா குடுத்து ஒரு கிஃப்ட் லெட்டர் எழுதி வச்சிருங்க. விளை வித்த லாபத்துக்கும் ஆடிட்டர ஒரு தடவ பாத்துருங்க, விவசாய நெலம்னா வரியே இல்லன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, டவுன் எல்லைக்குள்ளயோ ஒட்டியோ இருந்தா அப்படி இல்ல.

லேஅவுட் ஷீட்டும் டிராஃப்ட் அக்ரிமென்ட்டும் கெடச்சா எனக்கு அனுப்புங்க. பிளாட் நம்பரும் டீ எந்தப் பக்கம்னும் மறக்காம குறிச்சு அனுப்பணும், அது தெரியாம எந்த வெலை சரின்னு சொல்ல முடியாது. சேல்ஸ் ஆளு இந்த வாரத்தோட ஆஃபர் முடியுதுன்னு அவசரப்படுத்துவாரு, டோக்கன் அட்வான்ஸ் நான் அதெல்லாம் பாத்து சொன்னதுக்கப்பறம் குடுத்தா போதும்.