ஏசியைக் குறைக்க எத்தனை தடவை தொட வேண்டும்? கார் திரை பற்றிய கேள்வி பதில்

கார் எலக்ட்ரிக்கல் வேலைதான் என் தொழில். கேள்விகளை அனுப்பச் சொன்னபோது மைலேஜ், பேட்டரி என்று வரும் என எதிர்பார்த்தேன். முக்கால்வாசி திரையைப் பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, புதுக் காரில் ஏசி ஃபேனைக் குறைக்கக்கூடத் திரைக்குள் போக வேண்டியிருக்கிறது. பழைய காரில் ஒரு திருகு திருகினால் முடிந்தது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லையா?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை தம்பி. குமிழ் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கண் ரோட்டிலேயே இருக்கலாம். திரையில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. கண் போக வேண்டும், குலுங்குகிற வண்டியில் விரல் சரியான இடத்தில் விழ வேண்டும், விழுந்ததா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம்.

ஸ்வீடனில் வி பிலாகரே என்ற கார் பத்திரிகை 2022-இல் இதை அளந்து பார்த்தது. வெப்பத்தைக் கூட்டுவது, ரேடியோவில் ஒரு நிலையத்தை வைப்பது போன்ற நான்கு வேலைகளை 110 கிலோமீட்டர் வேகத்தில் செய்யச் சொன்னார்கள். ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே காரோடு பழக நேரமும் கொடுத்தார்கள். பட்டன்கள் உள்ள 2005 மாடல் வோல்வோ வி70-இல் எல்லாம் 10 விநாடியில் முடிந்தது. கார் 306 மீட்டர் போயிருந்தது. புதுக் கார்களில் மிக மோசமாக வந்தது எம்ஜி மார்வல் ஆர். சுமார் 45 விநாடி, அதாவது 1,372 மீட்டர். கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர்!

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: ஏசியை ஆட்டோவில் போட்டு 24 டிகிரியில் விட்டுவிடுங்கள், பாதித் தொடல்கள் குறையும். ஸ்டியரிங்கில் நட்சத்திரக் குறியோடு ஒரு பட்டன் இருந்தால், அதற்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதை நீங்களே செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கலாம். நிறையப் பேர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (சேலம்): இவ்வளவு தொல்லை என்றால் கம்பெனிகள் ஏன் பட்டனை எடுத்தன?

பதில்: காசு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, தனி விளக்கு, தனி வயர், தனிச் சோதனை. பின்பக்கக் கேமராவைக் காட்ட எப்படியும் ஒரு திரை தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களுக்கு அந்தக் கேமரா கட்டாயம். இருக்கிற திரையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டால் செலவு மிச்சம், ஷோரூமிலும் பளபளப்பாகத் தெரியும். மற்றபடி இது புதுச் சரக்கும் இல்லை. பியூக் ரிவியரா காரில் 1986-லேயே தொடுதிரை வந்துவிட்டது. அப்போதும் ஓட்டுநர்கள் திட்டத்தான் செய்தார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஃபோன் மேப்பைக் கார் திரையில் காட்டும் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ பாதி வழியில் அறுந்துவிடுகிறது. மேப் போய்விடுகிறது. கார் கோளாறா, ஃபோன் கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஃபோன்தான், அதிலும் சூடு. காரும் ஃபோனும் புளூடூத்தில் அறிமுகமாகி, அப்புறம் வைஃபையில் பேசிக்கொள்கின்றன. மேப், வைஃபை, மொபைல் டேட்டா எல்லாம் ஒன்றாக ஓடும்போது ஃபோன் கொதிக்கிறது. அதைக் கொண்டுபோய் வயர்லெஸ் சார்ஜர் தட்டில் வைத்தால் கேட்கவே வேண்டாம். சார்ஜரில் வைக்காமல் ஏசி காற்று படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். பேட்டரி சேவர், விபிஎன் இரண்டையும் அணையுங்கள். அப்படியும் அறுந்தால் காரிலும் ஃபோனிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

தூரப் பயணத்துக்கு நான் கேபிள்தான் சொல்வேன். ஆனால் கடையில் கிடைக்கிற சில கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (மதுரை): சார், போன மாதம் பைபாஸில் போகும்போது திரை மொத்தமும் கறுத்துவிட்டது. பயந்துவிட்டேன். பிரேக்கும் போய்விடுமோ?

பதில்: போகாது. பிரேக், ஸ்டியரிங், இன்ஜின் எல்லாம் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள். திரை செத்தாலும் வண்டி ஓடும். ஓரமாக நிறுத்தி, திரையின் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் அதுவே ரீஸ்டார்ட். உங்கள் வண்டிக்கு எது என்று மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் முழுக்க வெயிலில் நின்ற வண்டி என்றால், சூட்டிலிருந்து தப்பிக்கத் திரை தானாகவே மங்கும், சில சமயம் அணையும். ஆறினால் வந்துவிடும்.

ஆனால் அடிக்கடி நடந்தால் விடாதீர்கள். டெஸ்லாவுக்கு நடந்தது தெரியுமா? பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று இருந்தது. அதில் தொடர்ந்து எழுதி எழுதி, சில வருடங்களில் சிப் தேய்ந்து திரை செத்தது. அதோடு ரிவர்ஸ் கேமராவும், முன்கண்ணாடி ஈரத்தைப் போக்கும் வசதியும் போயின. 2021-இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டிவைத்தால் வருகிற வினை இது. வாரண்டி இருக்கும்போதே திரை கறுப்பதை வீடியோ எடுத்து, சர்வீஸ் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

கேள்வி (தஞ்சாவூர்): தம்பி, எனக்கு வயது 64. காரைத் தடக் கோட்டுக்குள் வைக்கும் லேன் அசிஸ்ட் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறது. அணைக்கலாமா?

பதில்: தாராளமாக அணைக்கலாம் அம்மா. கோடு அழிந்த ரோட்டிலும், எதிரே பைக் வருகிற ஒற்றை ரோட்டிலும் அது உதவியை விடத் தொந்தரவுதான். நாலுவழிச் சாலையில் வைத்துக்கொள்வதாக இருந்தால், தடம் மாறும்போது இண்டிகேட்டர் போடுங்கள், போட்டால் இழுக்காது. தானாகப் பிரேக் பிடிக்கிற வசதியை மட்டும் அணைக்காதீர்கள். இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்துத் தொடுங்கள்.

கேள்வி (கோவை): செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். பழைய ஓனரின் வீட்டு முகவரி, கான்டாக்ட் எல்லாம் திரையில் அப்படியே இருக்கிறது!

பதில்: நீங்கள் பார்ப்பது சின்ன விஷயம். அவருடைய ஃபோனில் ஆப் இன்னும் இணைந்திருந்தால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். சில மாடல்களில் கதவையும் திறக்கலாம். முதல் வேலையாக அவரை அழைத்து, ஆப்பிலிருந்து காரை நீக்கச் சொல்லுங்கள். அப்புறம் திரையில் ஃபேக்டரி ரீசெட். ஆப் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற ஆர்சியோடு டீலரிடம் போங்கள். ரீசெட் மட்டும் செய்தால் கம்பெனி சர்வரில் இருக்கும் பழைய இணைப்பு எல்லா வண்டியிலும் போய்விடாது. காரை விற்கிறவர்களும் இதையே செய்ய வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் பின்னால் இருக்கும் மோசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கையைச் சோதித்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

கேள்வி (வேலூர்): இலவசக் காலம் முடிந்துவிட்டது. காரை ஃபோன் ஆப்போடு இணைக்கும் கனெக்டட் கார் சேவைக்குச் சந்தா கட்டணுமா?

பதில்: கடைசி மூன்று மாதத்தில் அந்த ஆப்பை எதற்குத் திறந்தீர்கள் என்று பாருங்கள். திருட்டு பயம் உள்ள இடத்தில் நிறுத்துகிறவர்கள், டிரைவர் வைத்திருப்பவர்கள் கட்டலாம். வெயிலில் ஏறுவதற்கு முன் ஏசி போடுவதற்கு மட்டும் என்றால் உங்கள் இஷ்டம்.

கேள்வி (சென்னை): அடுத்த மாதம் கார் வாங்கப் போகிறேன். திரை விஷயத்தில் எதைப் பார்க்க?

பதில்: ஷோரூமில் பெரிய திரையைக் காட்டும்போது ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வைப்பர் வேகம், ஹசார்ட் லைட், வால்யூம், ஏசி ஃபேன், கண்ணாடி ஈரம் போக்குவது. இந்த ஐந்தையும் கை மட்டும் கண்டுபிடிக்கிறதா பாருங்கள். ஐந்தில் மூன்றுகூடத் தேறாவிட்டால் வேறு வண்டி பார்ப்பேன்.

வைப்பரைக் கேலியாக நினைக்காதீர்கள். ஜெர்மனியில் மழையில் ஒருவர் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதினார். 2020-இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் அதை ஃபோனை நோண்டியதற்குச் சமமாகவே எடுத்துக்கொண்டது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. கம்பெனிக்கு ஒன்றுமில்லை, தண்டனை ஓட்டியவருக்குத்தான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026-இலிருந்து இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. சட்டம் இல்லை, ஆனால் ஐந்து நட்சத்திரம் வேண்டுமே! ஃபோக்ஸ்வாகனும் பட்டனுக்குத் திரும்புகிறது. ஐடி.3 காரில் வெப்பத்தை மாற்றும் பட்டைக்கு விளக்குகூட வைக்காமல் விட்டு, இருட்டில் தடவ வைத்த கம்பெனி அது.

கேள்வி (அதே சென்னை நண்பர்): திரைக்கு ஸ்க்ரீன் கார்ட் ஒட்டலாமா சார்?

பதில்: மெல்லிய மேட் ஒட்டலாம், வெயில் கண்ணில் அடிப்பது குறையும். தடித்த கண்ணாடி வேண்டாம், தொட்டது சரியாகப் பதியாது. துடைக்க லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும்; கிளீனரை நேரே திரையில் அடிக்காதீர்கள், ஓரத்து இடுக்கில் இறங்கிவிடும்.