கட்டணமில்லாப் படிப்புக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

ஜெர்மனியில் முதுகலை பயின்று, அங்கேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். சேர்க்கைக் குழுவிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வெளிநாட்டு உயர்கல்வி பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தந்தை): ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் முகவர் முதல் ஆண்டுக்கே பன்னிரண்டு லட்சம் ஆகும் என்கிறார். யார் சொல்வது உண்மை, அம்மா?

பதில்: ஐயா, அவர்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு பணத்தைப் பற்றி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை உண்டு. பல ஊர்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். முகவர் சொல்லும் தொகை, பிளாக்டு அக்கவுண்ட் என்னும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட வேண்டிய 11,904 யூரோவாக இருக்க வேண்டும். விசாவுக்காக அதைக் காட்டுகிறோம். மாணவர் அங்கு சென்ற பின் மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே திரும்ப வருகிறது. வாடகை, சாப்பாடு, மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும் மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான் நடக்க வேண்டும். ஆகவே படிப்பு இலவசம், வாழ்க்கை இலவசம் அல்ல என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகளையும் அறிந்திருப்பது நல்லது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, பாடப்பிரிவைப் பொறுத்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கிவிட்டது. தனியார் கல்வி நிறுவனங்கள் தனி. முகவர் ஒருவர் ஒரே ஒரு தனியார் நிறுவனத்தின் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னால், அங்கிருந்து அவருக்குத் தரகு வருகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உங்கள் மகன் தானே இணையத்தில் விண்ணப்பித்துவிட முடியும்.

கேள்வி (சென்னையில் பொருளியல் பயிலும் மாணவி): அக்கா, அந்நிய நாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு நாடு ஏன் பணம் செலவழிக்கிறது? உள்ளூர் மக்கள் எதிர்க்கவில்லையா?

பதில்: எதிர்ப்பும் விவாதமும் நிறையவே நடந்திருக்கின்றன. கட்டணம் வாங்கவே கூடாது என்று ஜெர்மானிய மத்திய அரசு கொண்டுவந்திருந்த தடையை 2005 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. கல்வி மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. அதன் பிறகு ஏழு மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ அளவில் கட்டணம் விதித்தன. இன்று பார்த்தால் சிறு தொகைதான். ஆனால் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தேர்தல்களில் அது பேசுபொருளாயிற்று, ஹெஸ்ஸன் மாநிலம் ஓராண்டுக்குள் கைவிட்டது, கடைசியாக 2014-ல் லோயர் சாக்ஸனியும் கைவிட்டது. விதித்த கட்டணத்தை ஒரு நாடு முழுவதும் பத்தாண்டுக்குள் திரும்பப் பெற்றது உலகில் அரிதாக நடப்பது. அந்த நாள்களில் மாணவர்களோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

கட்டணத்தை எதிர்த்தவர்களுடைய வாதம் எளிமையானது. பட்டம் பெற்றவர் அதிகம் சம்பாதித்தால் அதிக வரி கட்டப் போகிறார். அவரிடம் முன்கூட்டியே ஒருமுறை வாங்குவானேன் என்றார்கள். முதியோர் பெருகிவரும் அந்நாட்டில், படித்து முடித்த வெளிநாட்டவர் அங்கேயே தங்கி வேலை செய்தால் அதுவும் அரசுக்கு வரவுதான். அதனால்தான் பட்டம் பெற்ற பின் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி தருகிறார்கள். எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். பட்டதாரிகளின் பிள்ளைகளே பல்கலைக்கழகத்துக்கு அதிகம் வருகிறார்கள். அப்படியானால் குழாய் பழுதுபார்ப்பவரின் வரிப்பணத்தில் மருத்துவரின் மகன் படிக்கிறான் என்று அவர்கள் கேட்கிறார்கள். பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பும் வழக்கம் பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் தொடர்கிறது. பல்கலைக்கழக வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு வரும் பாதையைப் பாதியிலேயே குறுக்குவதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் இங்கிலாந்து ஏன் எதிர்த்திசையில் சென்றது?

பதில்: படிப்படியாகச் சென்றது. 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று தொடங்கி, 2006-ல் 3,000, 2012-ல் 9,000, 2017-ல் 9,250, 2025-ல் 9,535 என்று உச்சவரம்பு ஏறியது. ஸ்காட்லாந்து தன் மாணவர்களிடம் வாங்குவதில்லை. ஒரே நாட்டுக்குள் இரண்டு கொள்கைகள்.

ஆங்கிலேய மாணவர் அந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு கடனாகக் கட்டுகிறது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே, தாண்டிய தொகையில் 9 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. இதற்கு முன்னோடி ஆஸ்திரேலியா. 1974-ல் கட்டணத்தை முற்றிலும் ஒழித்த அந்நாடு, 1989-ல் புரூஸ் சாப்மன் என்ற பொருளியலாளர் வடிவமைத்த திட்டத்தின்படி, வருமானத்தோடு இணைந்த கடனாக அதை மீண்டும் கொண்டுவந்தது. வேலை போனால் தவணையும் நின்றுவிடும் என்பதால் வங்கிக் கடனைவிட இது மனிதத்தன்மை உடையது. ஆயினும் 2023 முதல் இங்கிலாந்தில் சேர்பவர்களுக்குக் கடன் தள்ளுபடியாவதற்கான காலம் 40 ஆண்டுகளாக நீண்டுவிட்டது. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் அறுபதைத் தாண்டும்வரை அக்கடனைச் சுமக்க நேரலாம். இந்தச் சலுகைக் கடன் இந்தியாவிலிருந்து செல்லும் மாணவருக்குப் பொதுவாகக் கிடையாது. கட்டண வரம்பும் அவருக்குப் பொருந்தாது.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு தாய்): மகளுக்கு அமெரிக்காவில் முதுகலை இடம் கிடைத்துள்ளது. வீட்டை அடமானம் வைத்து ஐம்பத்தைந்து லட்சம் வாங்க வேண்டியிருக்கிறது. வைக்கலாமா, அம்மா?

பதில்: அம்மா, வைக்காதீர்கள் என்று ஒரே சொல்லில் நான் சொல்லிவிட முடியாது; ஆனால் மூன்று வகையில் கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை கையெழுத்து இட வேண்டாம். மகளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தால் தவணை எவ்வளவு என்பதை மட்டுமே வங்கியும் முகவரும் காட்டுவார்கள். அவர் படித்து முடித்ததும் இந்தியா திரும்பி, இங்குள்ள சம்பளத்தில் அதைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். ஓராண்டு வேலையே கிடைக்காவிட்டால் யார் கட்டுவது என்றும் பாருங்கள்.

படிப்புக்குப் பின் வேலை செய்ய 12 மாத அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல், கணிதம் சார்ந்த பிரிவுகளாக இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பின் வேலை விசா குலுக்கலைப் பொறுத்தது. குலுக்கலை நம்பி வீட்டை வைப்பது எனக்கு அச்சமாகவே இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றின் ஆய்வகங்கள் எத்தகையவை என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்நாட்டினரே கல்விக் கடனை வாழ்நாள் சுமையாகப் பேசுகிறார்கள். திவாலானாலும் அக்கடனிலிருந்து விடுபடுவது அங்கு மிகக் கடினம். மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணி கிடைக்குமா என்று துறைக்கு எழுதினாரா? அப்பணி கிடைத்தால் கட்டணத்தின் பெரும்பகுதி, சில இடங்களில் முழுவதும், குறையக்கூடும்.

கேள்வி (திருச்சியிலிருந்து): உலகத் தரவரிசையில் முதல் இருபதில் ஜெர்மானியப் பல்கலைக்கழகமே இல்லையே. அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா?

பதில்: தரவரிசை எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2003-ல் ஷாங்காயில் தொடங்கிய பட்டியலில், முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் மட்டும் நூற்றுக்கு 30 பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மிகுதியில் பெரும்பகுதி ஆய்வுக் கட்டுரைகளுக்கு. உங்கள் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியலை யார், எத்தனை பேர் கொண்ட வகுப்பில் கற்பிப்பார்கள் என்பதை அப்பட்டியல் கேட்பதேயில்லை.

ஜெர்மனிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாட்டின் உயர் ஆய்வில் பெரும்பங்கு பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, 1948-ல் தொடங்கப்பட்ட மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் எண்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் நடக்கிறது. அங்கு கிடைக்கும் நோபல் பரிசு பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறாமல் போகும். ஆனால் அங்குள்ள அறிவியலாளர்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுப்பதும், மாணவர்கள் அங்கு சென்று ஆய்வேடு எழுதுவதும் வழக்கம். ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பிரஷ்ய அறிஞர் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் முன்னெடுத்து 1810-ல் திறந்த பெர்லின் பல்கலைக்கழகம் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. அதே நாட்டில்தான் ஆய்வு நிறுவனங்கள் பின்னாளில் தனியே பிரிந்து வளர்ந்தன என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

எனவே பட்டியலில் இடத்தைப் பார்க்காமல் துறையின் பக்கத்தைத் திறந்து பாடத்திட்டத்தைப் படியுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்ய விரும்புபவருக்கு, பல்கலைக்கழகத்தைவிட ஃபாக்ஹோக்ஷூலே எனப்படும் செயல்முறை அறிவியல் உயர்கல்வி நிறுவனம் பொருத்தமாக இருக்கலாம்.

கேள்வி (கோவையிலிருந்து): எனக்குப் பத்துக்கு 8. அது ஜெர்மானிய மதிப்பெண்ணில் எவ்வளவு?

பதில்: உச்சம் 10, தேர்ச்சிக்கு 5 என்றால், உச்சத்துக்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை 5 ஆல் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள்: 2.2 வரும். அங்கு 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. 2.2 நல்ல மதிப்பெண். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம் என்பதால் அச்சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி (ஜெர்மனியில் பயிலும் ஒரு மாணவர்): அக்கா, ஒரு கட்டாயத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. மூன்றாவது முறையும் தோற்றால் என்ன ஆகும்?

பதில்: தம்பி, நேரடியாகவே சொல்கிறேன். பல பாடப்பிரிவுகளில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் பட்டப்படிப்பை அங்கு முடிக்க முடியாது. அதே பாடத்தை வேறு ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக இயலாது. எளிதில் உள்ளே விட்டு, தேர்வில் வடிகட்டும் முறை அது. நம் ஊரில் அரியர் எழுதிப் பழகிய பிள்ளைகள் இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் வந்து தவிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இன்றே உங்கள் துறையின் தேர்வு விதிகளைத் திறந்து, மூன்றாம் முறைக்கு எவ்வளவு காலம் தருகிறார்கள், வாய்மொழித் தேர்வுக்கு வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்தால் தாமதமின்றித் தெரிவித்து மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும், நாள் கடந்து கொடுத்தால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பேராசிரியரின் அலுவல் நேரத்தில் சென்று திருத்திய விடைத்தாளைப் பார்க்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மாணவர் நலச் சேவை அமைப்பில் மன ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ பேசலாம். வீட்டிலும் சொல்லிவிடுங்கள், தம்பி. பெற்றோர் கோபப்படுவார்கள், ஆனாலும் நீங்கள் தனியாக இதைச் சுமப்பதைவிட அது நல்லது.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்): இலங்கையிலும் பல்கலைக்கழகக் கல்வி இலவசம்தானே? எங்கள் முறையை நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

பதில்: ஜெர்மனியைவிட முன்பே, 1945-ல், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசம் என்று அறிவித்த நாடு உங்களுடையது, ஐயா. ஆனால் கட்டணம் இல்லாத இடத்தில் இடம்தான் விலையாகிறது. தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே அரசுப் பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது. ஆகவே யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி அங்கு அரசியலாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தலின் பெயரால் தமிழ் மாணவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியிருந்ததன் காயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைய முறையில் 40 விழுக்காடு நாடு தழுவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கிறது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஆய்வகமே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு தேவை என்றே நான் கருதுகிறேன். மொழியின் பெயரால் மதிப்பெண்ணை மாற்றியதும், வசதியின்மையைக் கணக்கில் எடுப்பதும் ஒன்றல்ல.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை): மகன் பட்டப்படிப்பே வேண்டாம், இயந்திரம் பழுதுபார்க்கும் தொழில் கற்க ஜெர்மனி போகிறேன் என்கிறான். உறவினர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறேன்.

பதில்: ஐயா, அவர் சொல்வது அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை. முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு அது உண்டு. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் தொழிற்பள்ளி, இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். முதல் மாதத்திலிருந்தே சம்பளம். பின்னர் மைஸ்டர் எனப்படும் தொழில் வல்லுநர் தேர்வில் தேறினால், ஜெர்மானியத் தகுதி வரையறையில் அது இளநிலைப் பட்டத்துக்கு இணையான ஆறாம் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு பல்கலைக்கழகத்திலும் சேரலாம்.

பாடமும் வேலையும் ஜெர்மன் மொழியிலேயே நடப்பதால், குறைந்தது பி1, முடிந்தால் பி2 என்னும் நடுத்தர மொழித்திறன் நிலை வரை மொழியை இங்கேயே கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள். பயிற்சி ஒப்பந்தம் கையில் வந்த பிறகு, அதில் சம்பளமும் விடுப்பும் எழுதப்பட்டுள்ளனவா என்று மகனையே ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். உறவினர்கள் கேட்டால், பையன் மூன்றரை ஆண்டு சம்பளத்தோடு படிக்கப் போகிறான் என்றே சொல்லலாம். அது முழு உண்மை.