சென்னையில் அதிகம் வெளியே தெரியாத, ஆனால் போய்ச் சாப்பிட வேண்டிய சின்னக் கடைகள் எவை?

கேள்வி கேட்டவர் வேலைக்காகப் புதிதாகச் சென்னைக்கு வந்து, ஓ.எம்.ஆர். பக்கம் பி.ஜி.யில் தங்கி, சனிக்கிழமை ஆனால் எங்கே சாப்பிடுவது என்று போனைத் தடவிக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

எப்போது இந்தக் கேள்வி வந்தாலும் மயிலாப்பூர் ராயர் மெஸ், திருவல்லிக்கேணி ரத்னா கஃபே சாம்பார் இட்லி என்றுதான் பதில் வரும். இரண்டுமே நல்ல கடைகள், நானே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் 1948லிருந்து நடக்கிற ரத்னா கஃபே எப்படி ஐயா வெளியே தெரியாத கடை ஆகும்? கொஞ்சம் விவரமானவர்கள் சைதாப்பேட்டை மாரி ஓட்டல் வடகறி வரைக்கும் வருவார்கள். சென்ட்ரலைத் தாண்டி வடக்கே வந்தால் சௌகார்பேட்டை மின்ட் தெருவோடு நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் மனிதர்கள் சாப்பிடுகிறார்களா என்பதே யாருக்கும் சந்தேகம் போல.

நான் வடசென்னை வியாசர்பாடிக்காரன். எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1962ல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964ல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கி, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று சொன்ன பிறகு, கப்பல் ஏறி வந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். எங்கள் ஊரில் பக்தவத்சலம் காலனி பக்கம் இப்படி வந்த குடும்பங்கள் நிறைய. வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சொத்து என்றால் சமையல்தான். அதனால் என் பதில் அத்தோ, மொய்ங்கா, பேஜோ கடைகள். பெயர்ப் பலகை இருக்காது, தள்ளுவண்டிதான். பீச் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் பர்மா பஜார், அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் வரிசையாக வண்டிகள் நிற்கும். வியாசர்பாடிக்குள் வந்தால் தெருவுக்குத் தெரு.

அத்தோவை நூடுல்ஸ் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பர்மிய மொழியில் அதொக் என்றால் கையால் பிசைந்து கலப்பது, அதுதான் நம் வாயில் அத்தோ ஆனது. ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த நூடுல்ஸ், நீளமாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், பொட்டுக்கடலை மாவு, பொரித்த வெங்காயமும் பூண்டும், அது பொரிந்த எண்ணெயில் ஒரு கரண்டி, மேலே தட்டை மாதிரி மொறுமொறு என்றிருக்கும் பேஜோவை நொறுக்கிப் போட்டுப் பிசைவார்கள். ருசி முழுக்க அந்தப் பூண்டு எண்ணெயில்தான் இருக்கிறது, எண்ணெய் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் முட்டைக்கோஸ். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் தருவார்கள். அந்தச் சூப்பிலேயே மெல்லிசான அரிசி சேமியாவைப் போட்டால் மொய்ங்கா. பர்மாவில் அதற்கு மீன் போட்டுத்தான் குழம்பு கொதிக்கும், இங்கே பல வண்டிகளில் மீன் கிடையாது.

கையால் பிசைகிறார்கள், கலர் பொடி போடுகிறார்கள் என்று யாராவது சொல்வீர்கள். கலருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, வேண்டாம் என்றால் மொய்ங்கா சாப்பிடுங்கள். ஆனால் கை? உங்கள் வீட்டுப் புளியோதரையை இடுக்கியால் பிடித்தா கிளறுகிறார்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன். என் அத்தை பர்மா பஜாரில் வண்டி போட்டிருந்தார். நான் காலேஜில் சேர்ந்தபோது அங்கே யாரிடமும் வியாசர்பாடி என்று சொல்லமாட்டேன், பெரம்பூர் என்பேன். பெரம்பூர் என்றால் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே, கௌரவம். வியாசர்பாடி என்றால் கத்தி எடுத்து வந்திருக்கிறாயா என்று ஒருவன் கேட்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டாவது வருஷம் ஒருநாள் செட்டில் ஒருவன் ஹெட்போன் வாங்க வேண்டும் என்று பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனான். வாங்கிய பிறகு எல்லாருக்கும் பசி. எத்தனையோ வண்டி இருக்க, நேராக அத்தை வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள்.

நான் கடைசி ஆளாக, ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அப்புறம் அவர் பாட்டுக்கு, "தம்பிக்கு என்ன, அத்தோவா பேஜோவா?" என்று யாரோ எவனோ போலக் கேட்டார். வீட்டில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை, "டேய் கருவாயா"தான். அத்தோ என்றேன். எனக்குப் பச்சை வெங்காயம் ஆகாது, கேட்காமலேயே என் தட்டில் மட்டும் போடவில்லை. அதைப் பார்த்து ஒருவன், "அக்கா, இவனுக்கு மட்டும் ஏன் வெங்காயம் கம்மி?" என்றான். "மூஞ்சைப் பார்த்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பிசைந்தார்.

முட்டையும் சாப்பிட்டோம். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், புளி, மிளகாய், பூண்டு எண்ணெய் எல்லாம் அடைத்துத் தருவார்கள். கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும். கடித்தவன் சட்டை காலி. நாங்கள் ஐந்து பேர், நான்தான் காசு கொடுத்தேன், குற்ற உணர்ச்சிதான் வேறென்ன. அத்தை எண்ணி வாங்கிச் சில்லறையும் கொடுத்தார். ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. "ரெண்டு முட்டைக்குக் காசு விட்டுப் போச்சுடா, கொடு" என்றார். கொடுத்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்தச் செட்டில் மூன்று பேரிடம் பின்னால் உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்ற ஒருவன் இதைப் படித்தால் இப்போதுதான் தெரிந்துகொள்வான்.

நான் ஏன் பெரம்பூர் என்று சொன்னேன் என்று என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். வேலைக்குச் சேர்ந்து, ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கிரெடிட் கார்டுக்கு எழுதிப்போட்டேன். போனில் பேசிய பெண் பின்கோடு கேட்கிற வரைக்கும் சார், சார் என்று உருகினார். கேட்ட பிறகு, "உங்க ஏரியா எங்க லிஸ்ட்ல இல்ல சார்" என்றார். வேறு விலாசம் இருந்தால் கொடுங்கள் என்று யோசனை வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேப் புக் பண்ணினால் டிரைவர் போன் போட்டு இடம் கேட்டுவிட்டுக் கேன்சல் செய்வார். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் மட்டும் கேமராவோடு எல்லாரும் வந்துவிடுவார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். எழுத உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

அத்தை இப்போது வண்டி போடுவதில்லை, முழங்கால் வலி. அதனால் விளம்பரம் என்று சொல்லவும் வழியில்லை. நீங்கள் ஓ.எம்.ஆரில் இருந்தால் பறக்கும் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனான பீச்சில் இறங்குங்கள். ஆறு, ஆறரைக்குப் போய்விடுங்கள், ரொம்பத் தாமதித்தால் சூப்பின் அடி வண்டல்தான் கிடைக்கும். கூட்டமாக நிற்கிற வண்டியைவிட, மூட்டை தூக்குகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் நிற்கிற வண்டியாகப் பாருங்கள். முதல் தடவை அத்தோ, ஒரு முட்டை, அவ்வளவு போதும், பேஜோ அடுத்த தடவை. சில்லறை கொண்டுபோங்கள். சூப் தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள், மறுபடி ஊற்றுவார்கள். அதற்கு அத்தை ஒருநாளும் காசு வாங்கியதில்லை, என்னிடம்கூட.