ஏழாம் நம்பர் கேஸ் லைட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் தாய்மாமா சென்ற மாசியில் காலமானார். அறந்தாங்கிப் பக்கம் கல்யாணப் பாத்திரமும் கேஸ் லைட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை சில சாமான்களை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியில் பெட்ரோமாக்ஸ், 829, ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் அச்சு இருக்கிறது. கண்ணாடியில் மைன்ஸ் என்ற பெயர் தெரிகிறது. வெள்ளைப் பூச்சு பாதி போய் உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. அடியில் 'ரா.மு. 7' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு தகர டப்பாவில் ஸ்பேனர், புனல், பிரிக்காத மேண்டில் பாக்கெட் இரண்டு. பழைய பித்தளை வாங்குகிறவர் 1,500 ரூபாய் தருகிறேன் என்கிறார். யூடியூபில் ஒருவர் இது லட்சக்கணக்கில் போகும் என்கிறார். இது அசல்தானா? எத்தனை வருடப் பழசு? என்ன பெறும்? பாலீஷ் போட்டு, வெட்டிய பெயரையும் எடுத்துவிட்டால் விலை கூடுமா?

எஸ்.
புதுக்கோட்டை

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். பாலீஷ் போடாதீர்கள். அந்தப் பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். மெஷின் பாலீஷில் மிச்சமிருக்கும் பூச்சு போகும், அதோடு அச்சு எழுத்தும் தேயும். இந்த விளக்குகள் பெரும்பாலும் பித்தளையின் மேல் நிக்கல் அல்லது குரோமியப் பூச்சோடு வந்தவை. அந்தப் பூச்சைச் சுரண்டித் தங்கம்போல மினுக்கி, ஓட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் அலங்காரத்துக்கு விற்கிறார்கள். அப்படி மினுக்கிய விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. புளியும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும்.

இனி, அசலா என்ற கேள்வி. நம் ஊரில் காற்றடித்து எரிக்கும் விளக்கு எதுவானாலும் பெட்ரோமாக்ஸ்தான். ஸ்வீடனின் ஆப்டிமஸ், ரேடியஸ், இங்கிலாந்தின் டில்லி, சீனாவின் பட்டர்ஃபிளை, இந்தியாவிலேயே செய்தவை எல்லாம் இந்தப் பெயரில்தான் புழங்கின. ஆகவே மாமா எப்படிச் சொன்னார் என்பது அடையாளம் ஆகாது, தொட்டியில் குத்தியிருப்பதுதான் அடையாளம். பெட்ரோமாக்ஸைச் செய்தது பெர்லினில் 1866-இல் தொடங்கிய ஏரிச் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம். 829 அவர்களுடைய 500 கேண்டில் பவர் (மெழுகுவர்த்திக் கணக்கில் வெளிச்ச அளவு) மாடல், நம் நாட்டிலும் நன்றாகப் பரவியது. எழுத்து ஒரே ஆழத்தில், ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தொட்டியில் காந்தம் பலமாக ஒட்டக் கூடாது. பலமாக ஒட்டினால் அது பித்தளை இல்லை. நீங்கள் சொல்லும் அச்சு, எண், பூச்சுக்குள் தெரியும் மஞ்சள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தொட்டி அசல் என்றே நினைக்கிறேன்.

ஆனால் முழு விளக்கும் ஒரே நாளில் பிறந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாடகைக் கடை விளக்கு அது. ஊர்கோலத்தில் தலையில் ஏறி, நாடக மேடையில் தொங்கி, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் வந்திருக்கும். கண்ணாடி உடையும், எண்ணெய் ஆவி பீய்ச்சும் சிறு துளையான நிப்பிள் அடைக்கும், தோல் வாஷர் காயும். கிடைத்த பாகத்தைப் போட்டு அன்று ராத்திரிக்கே எரிய வைத்திருப்பார்கள். கண்ணாடியிலிருந்து ஒரு விஷயம் மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இந்த மாதிரி விளக்குகளுக்குக் கண்ணாடி செய்த ஷாட் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெனா நகரத்தில் இருந்தது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்த பிறகு, 1952-இல் மேற்கே மைன்ஸ் நகரத்தில் புதிய ஆலையைத் திறந்தார்கள். ஆகவே மைன்ஸ் என்று எழுதிய கண்ணாடி 1952-க்குப் பிந்தியது. தொட்டி அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஜெர்மனி என்பதற்கு முன்னால் மேற்கு என்று பொருள்படும் 'வெஸ்ட்' அல்லது 'டபிள்யூ' இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். இருந்தால் தொட்டியும் 1949-க்குப் பிந்தியதுதான். வெறும் ஜெர்மனி என்றால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அப்புறம், எண்ணெய் ஊற்றும் மூடியில் காற்றழுத்தம் காட்டும் சிறு மீட்டர் இருக்கும். அதிலும் எழுத்து இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். லட்சம் என்பது பொய். இந்த மாடலை உலகம் முழுக்க ஏராளமாக விற்றார்கள், இன்றும் ஒரு ஜெர்மன் நிறுவனம் பெட்ரோமாக்ஸ் என்ற பெயரிலேயே புதிய விளக்குகளை விற்கிறது. கிடைப்பதற்கு அரிய பொருள் இல்லை இது. பழைய ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம், கோயில் கலசத்தில் இரிடியம் என்று நம் ஊரில் எத்தனை பேர் பணத்தை இழந்தார்கள்! அந்த மாதிரிப் பேச்சோடு யாராவது வந்தால், முன்பணம், பரிசோதனைக் கட்டணம் என்று ஒரு பைசா கொடுத்துவிடாதீர்கள். வியாபாரி சொன்ன 1,500 எடைக்கான கணக்கு. முழு விளக்கே ஏறக்குறைய 2.4 கிலோதான், அதிலும் எல்லாம் பித்தளை இல்லை. சேகரிப்பவர் ஒருவர் வாங்கினால், டப்பாவும் ஸ்பேனரும் புனலும் சேர்ந்து சில ஆயிரங்கள் போகும் என்பது என் மதிப்பீடு. அந்தச் சில்லறைச் சாமான்கள்தான் முதலில் தொலைபவை, அதனாலேயே அவை இருப்பது நல்லது. இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். யார் வேண்டுமானாலும் என்ன விலையும் போட்டு வைக்கலாம்.

அந்த மேண்டில் பாக்கெட்டுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. இந்த விளக்கில் திரி கிடையாது. பம்பு அடித்த காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாயில் அது ஆவியாகி, நிப்பிள் வழியாகப் பீய்ச்சி, காற்றோடு கலந்து எரியும். கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளை வெளிச்சம் தீயிலிருந்து வருவதில்லை. தீயில் பழுக்கும் மேண்டிலிலிருந்து வருகிறது. ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது இது. பின்னிய நூலைத் தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் நூல் போய் அந்த உலோகங்களின் ஆக்சைடு மட்டும் கூடாக நிற்கும். 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம். இந்தத் தோரியத்துக்காக ஜெர்மனி மோனசைட் மணலைத் தேடி அலைந்த காலத்தில், 1909-இல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையினுடையது. அன்று திருவிதாங்கூர், இன்று நம் கன்னியாகுமரி மாவட்டம். சீக்கிரமே அங்கேயே மணல் பிரிக்கும் ஆலை வந்தது. இன்றும் மத்திய அரசின் அருமண் நிறுவனம் அங்கே வேலை செய்கிறது. குமரிக் கரையில் கயிறு திரித்தவர்களுக்கும் பெர்லினில் விளக்கு வார்த்தவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இருந்தும் இப்படி ஒரு தொடர்பு இருந்தது என்பதை நான் படித்த நாளிலிருந்து இந்த விளக்கை வெறும் ஜெர்மன் சாமானாக என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய மேண்டிலில் தோரியம் இருந்தால் இலேசான கதிரியக்கம் உண்டு. மூடிய பாக்கெட்டாக அலமாரியில் இருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரிக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், எரிந்து உதிரும் தூளை மூச்சில் இழுக்காதீர்கள். எரித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் தோரியம் இல்லாத புது மேண்டில் வாங்கிப் போடுங்கள். அதற்கு முன் தொட்டியைக் கவனியுங்கள். பழைய பித்தளையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வரும். எண்ணெய் ஊற்றாமல் மூடியை இறுக்கி, இலேசாகக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் தொட்டியை அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் எங்கிருந்து என்று பாருங்கள். மூடி, திருகு இருக்கும் இடமென்றால் வாஷர் மாற்றினால் சரி. தொட்டித் தகட்டிலிருந்தே வந்தால் அந்த விளக்கை எரிக்கக் கூடாது. எரிப்பதானால் திறந்த வெளியில், மண்ணெண்ணெய் மட்டும். பெட்ரோல் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது.

விற்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் 'ரா.மு. 7' தழும்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 829 எத்தனையோ ஊர்களில் இருக்கும். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற அதே கையால், அதே புள்ளி எழுத்தில், கடைப் பெயரும் நம்பரும் வெட்டிய 829 உங்களிடம் இருப்பது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும் விளக்கு இது. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்துக்கு அது சரியாகப் போதும். எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனது, எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை லைட் கேட்டார்கள், இரவு வாடகை என்ன, லைட் தூக்கியவர்களுக்கு என்ன கூலி என்பதெல்லாம் உங்கள் அத்தைக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏழு என்று இருப்பதால் குறைந்தது இன்னும் ஆறு லைட் இருந்திருக்க வேண்டும், அவை யாரிடம் போயின என்றும் கேளுங்கள். வாடகை நோட்டு ஏதாவது பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போய்விடாமல் எடுத்து வையுங்கள். அதன் ஒரு பக்கத்தையும், தொட்டியின் அடிப்பக்கத்தையும், மீட்டரையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தொட்டியின் காலத்தை இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.