குட்டி விமானங்கள்ல இன்னும் ஏன் அந்தக் காலத்து இன்ஜினே ஓடுது?

டெக்னாலஜி இல்லாம இல்லீங்க, சர்டிஃபிகேஷன் (பறக்க பாதுகாப்பானதுன்னு அரசு ஒப்புதல்) செலவுதான் பெரிய காரணம். அமெரிக்காவையே எடுத்துக்கோங்க, செஸ்னா கம்பெனியோட 172ங்கிற குட்டி விமானம் மொதல்ல பறந்தது 1955ல, இன்னிக்கும் அதே மாடல்தான் புதுசா தயாராகுது, ஏன்னா புது டிசைனுக்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு) கிட்ட ஒப்புதல் வாங்குறதுக்குள்ள பணம் தண்ணியா கரைஞ்சிடும், விக்கப்போறதோ கொஞ்சமே கொஞ்சம். அங்க காருக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 1996லயே தடை, பிஸ்டன் விமானத்துக்கு (கார் மாதிரி பிஸ்டன் இன்ஜின்ல ஓடுற குட்டி விமானம்) மட்டும் பெரும்பாலும் இன்னும் அதேதான் (கொடுமை!).

அதுக்காக எல்லாப் பழியையும் எஃப்ஏஏ தலையில கட்டுறதும் நியாயமில்ல. விபத்து நஷ்டஈடு கேஸ் தாங்காம 1986ல செஸ்னா பிஸ்டன் விமானம் பண்றதையே நிறுத்திட்டாங்க, 18 வருஷம் தாண்டின சின்ன விமானத்துக்கு பொதுவா கம்பெனி மேல கேஸ் போட முடியாதுன்னு 1994ல சட்டம் வந்தப்புறம்தான் திரும்ப ஆரம்பிச்சாங்க.

அங்கயே ரூல் லேசா இருக்கிற பக்கம் பாருங்க: ஒத்தை சீட் அல்ட்ராலைட் (ரொம்ப லேசான விமானம்), வெறும் எடை சுமார் 115 கிலோவுக்குள்ள, எரிபொருள் 19 லிட்டர் வரைக்கும், வேகத்துக்கும் வரம்பு உண்டு, ஆனா பைலட் லைசன்ஸே வேண்டாம், பதிலுக்கு நெரிசலான ஊர் மேல பறக்கக் கூடாது. பாதிக்கு மேல நாமளே கட்டின விமானம்னா சர்டிஃபை பண்ணாத சல்லிசான காக்பிட் டிஸ்ப்ளே கூட மாட்டிக்கலாம், கம்பெனி தயாரிச்ச விமானத்துல அதையே மாட்டணும்னா பேப்பர் வேலை தனி.